செல்லத்துரை அண்ணாச்சி கட்டிய சங்கிலி

யார்டில் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொன்மணி மதினியிடமிருந்து போன் வந்தது. "அந்தோணி, அவிய நம்மள விட்டுப் போயிட்டாவ" என்றார்கள். லோடு மெஷின் சாய்ந்து அடிபட்டு, இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்த செல்லத்துரை அண்ணாச்சி இறந்துவிட்டார்.

போனைச் சட்டைப்பையில் போடுவதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவர், "பாவம்தான். ஆனா கட்டுன ஆளே கட்டை அவுத்தா மெஷின் எப்படி நிக்கும்?" என்றார். சாயங்காலத்துக்குள் துறைமுகச் சாலை முழுக்க அதே பேச்சு. அண்ணாச்சி தன் தப்பினாலேயே செத்தார் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அது பொய். அந்தப் பழியை அவர் பெயரிலிருந்து துடைப்பதற்காகத்தான், நம் ஓட்டுநர் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் வாசிக்க இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மர மில்களுக்காகக் கப்பலில் வந்து இறங்கும் இழைப்பு மெஷின், மரம் அறுக்கும் பேண்ட்சா போன்ற பெரிய மெஷின்களை டிரெய்லரில் உட்காரவைத்துக் கட்டுவது அவர் வேலை. கட்டி முடித்து நாலு பக்கமும் சுற்றி வருவார். பிறகு, முதலிலிருந்து இன்னொரு தடவை சுற்றுவார். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் திரேஸ்புரத்துக்காரன். அப்பா கடலுக்குப் போனவர். கயிறு என்றால் எங்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. முதன்முதலில் அவரோடு லோடு ஏற்றிய அன்று, எங்கள் போட்டின் நங்கூரக் கயிற்றைக் கொண்டுபோய், "கடல்ல போட்டையே பிடிச்சு நிறுத்துத கயிறு அண்ணாச்சி, இதுக்கு மேலயா?" என்றேன்.

அவர் கயிற்றைக் கையில்கூட வாங்கவில்லை. "ஏலே, போட்டுக்குக் கயிறு இழுபட்டுக் கொடுக்கணும். மெஷினுக்கு அரை விரக்கடை இழுபட்டாலும் போச்சு. ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சங் கொஞ்சமா ஆடி, ஒரு திருப்பத்துல இறங்கிப்போவும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவரைக் கேலி செய்வதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டேன். "மதினிக்கு மூணு முடிச்சு, மெஷினுக்கு மட்டும் முப்பதா?" என்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த சங்கிலியை இறுக்குவார்.

பேண்ட்சாவைக் கண்டால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. ஆள் உயரத்துக்கும் மேலே இரும்புச் சக்கரம். கால் வைக்கும் இடமோ குறுகல். கீழே கட்டும் சங்கிலி நகராமல் பிடிக்கும், மேலே கட்டும் சங்கிலிதான் சாயாமல் பிடிக்கும் என்பார். "தூங்குதுன்னு நினைக்காத. மேல உள்ள பாரம் எந்நேரமும் கீழ வாரதுக்கு வழி பாத்துக்கிட்டே இருக்கு" என்று ஒருமுறை சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதையும் கேலி செய்துதான் மறைத்தேன்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. கட்டியதோடு வீட்டுக்குப் போகமாட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னாலேயே, ஊரை அடுத்திருக்கும் சின்ன ஊரான புதுக்கோட்டைக்குப் போய் நிற்பார். கொஞ்ச தூரம் ஓடினால்தான் கட்டு தளர்ந்திருப்பது தெரியும் என்பதால், அங்கே ஒவ்வொரு சங்கிலியையும் தொட்டுப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் கழற்றி மறுபடி இறுக்குவார். ஒன்றைக் கழற்றும்போது மற்றதெல்லாம் விறைப்பாக இருக்கவேண்டும் என்பது அவர் சட்டம்.

கடைசி லோடும் பேண்ட்சாதான். கீழே நாலு, மேலே இரண்டு சங்கிலிகள் கட்டிவிட்டு அவர் முன்னால் போய்விட்டார். எடைமேடையில் மில் முதலாளி காரில் வந்து இறங்கினார். மேல் சங்கிலி பெயின்டை உரசுகிறது, கழற்று என்று சத்தம் போட்டார். சங்கிலிக்கு அடியில் ரப்பர் வைத்தால் போதும். ரப்பர் யார்டில் இருந்தது. திரும்பிப் போக எனக்குச் சோம்பல். மேல் சங்கிலி இரண்டையும் கழற்றிக் கேபினுக்குள் எறிந்துவிட்டு, அங்கே கிடந்த நங்கூரக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றினேன். மேலே தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

புதுக்கோட்டையில் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினேன். அந்த இடத்தில் மண் இடப்பக்கம் சரிவு. அண்ணாச்சிக்கு அன்று முழங்கால் வீங்கியிருந்தது. மேலே ஏற முடியவில்லை. இடப்பக்கம் நின்றபடி, "கீழ முன்செயின் தளர்ந்திருக்குல. மேல் செயின் எப்படி?" என்று கேட்டார். முதலாளியின் கார் பின்னால் நின்றது. உண்மையைச் சொன்னால் அவர் முன்னால் அண்ணாச்சியிடம் திட்டு வாங்கவேண்டும், மறுபடி ஒரு மணி நேரம் கட்டவேண்டும். இத்தனை வருடமாக ஜெயிக்காத கயிற்றுச் சண்டையில் இன்னொரு தடவை தோற்கவேண்டும்.

"அப்படியே விறைப்பா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

என் வார்த்தையை நம்பி அவர் கீழ்ச் சங்கிலியைக் கழற்றினார். கயிறு இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. வாயைத் திறப்பதற்குள் மெஷின் அவர் மேல் சாய்ந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தாலும் நான் மனிதன். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, கயிற்றை அவிழ்த்து சீட்டுக்கு அடியில் ஒளித்தேன். நான் கழற்றிய மேல் சங்கிலிகளை மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து போட்டேன். எல்லாவற்றையும் அவரே அவிழ்த்தார் என்று ஊர் நம்பியது அதைப் பார்த்துத்தான். முதலாளியும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

மதினி, இதை வாசிக்கும்போது நீங்கள் முன்வரிசையில் இருப்பீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. கூட்டம் முடிந்ததும் கயிற்றோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

வீட்டில் அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மாலை போடக் குனிந்தபோது உள்ளங்கை தெரிந்தது. எவ்வளவு கழுவியும் சங்கிலியின் கிரீஸ் ரேகைகளில் கறுப்பாக நின்றது. அந்தக் கையைத் தொட எனக்குத் துணிவில்லை.

போய் வாருங்கள் அண்ணாச்சி. அன்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். மேல செயின் இல்ல அண்ணாச்சி. தொடாதீங்க. தள்ளி நில்லுங்க.