ஐந்து நிறத்தில் ஐந்து பைல்கள்

நான் குடியிருந்த மாடி வீட்டின் படி மிகவும் குறுகல். என் வீட்டுக்காரர் இறந்து, அவரைச் சவப்பெட்டியில் வைத்து இறக்கியபோது, கீழ்ப்பக்கம் பிடித்தவர் மேல்தான் பாரம் முழுவதும் சாய்ந்தது. அப்படிப் பிடித்தவர் கோயிலில் பழக்கமான ஒரு தம்பி. சுவரில் முழங்கை உரசி ரத்தம் வந்தது. கடைசிப் படி வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. பின்னால் நான் நம்பியதெல்லாம் அந்த முழங்கையைத்தான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு கையில் கொஞ்சம் பணம் இருந்தது. அவருடைய சேமநிதிக் காசு, ஆலையில் தரை துடைத்து நான் சேர்த்தது, என் நகைகள். மகன் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கியிருந்தான். என்னை அங்கே வந்துவிடச் சொன்னான். நான் போகவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த மாடி வீட்டில் முப்பது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டேன். வீட்டுச் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயிடம் மாதாமாதம் வாடகையை என் கையால் கொடுத்துப் பழகியவள். சாகிற வரைக்கும் என் வாடகையை நானே கட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

கொரோனா நோய்க்காலம் முடிந்திருந்த நேரம் அது. சாமான் விலை ஏறிக்கொண்டே இருந்தது. நம் ரிங்கிட் வெள்ளியின் மதிப்பு இறங்குகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். ரேடியோவில் ஒருவர் தமிழில் அழகாக விளக்கினார்: இருக்கிற காசை ஒரே இடத்தில் போடாதீர்கள், தங்கம், பேங்க், பங்கு, நிலம் என்று பிரித்து வையுங்கள், ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். எனக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கும் இது புரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை மெதுவாகப் படிப்பேன். ஆங்கிலமும் மலாயும் எழுத்தில் தெரியாது.

முதலில் பேங்குக்குத்தான் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சைன் வைக்கத் தெரியுமா மாக்சிக் என்று மலாயில் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் மை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று அந்த டப்பாவில் விரலை வைத்திருந்தால் இன்றைக்கு என் காசு இருந்திருக்கும். இதை எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

கோயிலில் அந்தத் தம்பியைப் பார்த்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"தம்பி, நான் ஒரே எடத்துல போட மாட்டேன். அஞ்சாப் பிரிச்சுத்தான் போடுவேன்."

"அக்கா, பெரிய படிப்பு படிச்சவங்களுக்கே இது தெரியல லா. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது.

அடுத்த வாரம் ஐந்து பைல் கொண்டு வந்தார். மஞ்சள் தங்கத்துக்கு, நீலம் பேங்குக்கு, சிவப்பு பங்குக்கு, பச்சை நிலத்துக்கு, வெள்ளை ஒரு கடைத் தொழிலில் சேர்கிற பங்குக்கு. ஐந்தும் வேறு வேறு கம்பெனி என்றார். நான் ஒவ்வொரு தாளிலும் தமிழில் என் பெயரை நிதானமாக எழுதினேன். அவர் மை டப்பா எதையும் நீட்டவில்லை. தாலிக்கொடியும் வளையலும் மஞ்சள் பைலுக்குப் போயின. தோட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருசம் மாதாமாதம் அவரே வந்து காசு கொடுத்தார். கோப்பி குடித்துக்கொண்டே நிலவரம் சொல்வார். இந்த மாசம் சிவப்பு இறங்கிவிட்டது அக்கா, மஞ்சள் தூக்கிவிட்டிருக்கிறது என்பார். ஒரு மாதம் பச்சையில் ஒன்றுமே வரவில்லை என்று குறைத்துக் கொடுத்தார். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு திருப்தி. ரேடியோக்காரர் சொன்னது அப்படியே நடக்கிறதே, ஒன்று விழுகிறது, ஒன்று தாங்குகிறது என்று. எல்லா மாதமும் ஒரே மாதிரி கொடுத்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பேன்.

மருமகள் ஒரு கம்பெனியின் ஆபீசில் வேலை செய்கிறாள். பைலை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"அத்தை, யாராவது ஒருத்தர் படிச்சுப் பார்க்கணும்ல?"

"எனக்குக் கண்ணு இருக்கு."

மகன் சிரித்தான், அம்மா இப்போது பெரிய முதலாளி, நாம்தான் போய்க் கடன் கேட்க வேண்டும் என்று. எனக்கும் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று மருமகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு மாதம் தம்பி வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. போன் அடைத்துக் கிடந்தது. பெரிக் கப்பல் ஏறி, பாகான் டாலாமில் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களுமா?" என்றார். உட்கார நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. திரும்பி வரும்போது பெரியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வரவில்லை. அடுத்த மாத வாடகை மட்டும்தான் மனசில் ஓடியது.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. தோடு அடகுக்குப் போன பிறகுதான் மகன் வீட்டுக்குப் பைல்களைத் தூக்கிக்கொண்டு போனேன். மருமகள் ஐந்தையும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாள். நான் சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, ஐந்திலும் கடைசித் தாளைத் திருப்பி வரிசையாக வைத்தாள்.

"அத்தை, இங்க வாங்க. படிக்க வேணாம். சைனை மட்டும் பாருங்க."

பார்த்தேன். ஐந்து கம்பெனி, ஐந்து முத்திரை. ஐந்திலும் ஒரே கையெழுத்து. கடைசியில் தூண்டில் முள்போல ஒரு வளைவு. ஐந்திலும் அதே வளைவு.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. மிளகாய்த்தூள் பாக்கெட்டைப் படத்தை வைத்து எடுக்கிறவள் நான். பஸ்ஸை எண்ணின் உருவத்தை வைத்து ஏறுகிறவள். எழுத்துத்தான் தெரியாது, உருவம் தெரியும். இரண்டு வருசம் அந்தப் பைல்கள் என் அலமாரியில் இருந்தன. ஒரு நாளாவது ஐந்தையும் ஒன்றாகப் பிரித்து வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் படிக்கத் தெரியாதது நினைவுக்கு வரும் என்று நான் பிரிக்கவே இல்லை. நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து இடத்தில் போட்டேன் என்று இருந்தேன். போட்டது ஒரே ஆளின் கையில்.

போலீசில் ரிப்போர்ட் கொடுத்தோம். எத்தனை கம்பெனி என்று அங்கிருந்த பெண் போலீஸ் கேட்டாள். மருமகள் ஐந்து என்றாள், பிறகு ஒன்று என்று திருத்தினாள். எழுதியதை எனக்கு மலாயில் படித்துக் காட்டினார்கள். தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

தவுக்கே இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். நான் கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதே குறுகிய படியில் மகன் என் அலமாரியை இறக்கினான். கீழ்ப்பக்கம் அவன்தான் பிடித்தான்.

இப்போது சிம்பாங் அம்பாட்டில் பின்னறையில் இருக்கிறேன். மருமகள் குத்திக் காட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதில் பேசியாவது இருப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாது, படித்துச் சொல்லு என்று அவளிடம் கேட்க இப்போது பழகிவிட்டது. ஆனால் எனக்கென்று தாள் எதுவும் வருவதில்லை.

ஒரே ஒரு தடவை வந்தது. போலீசிலிருந்து. மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறதாம். மருமகள் இரண்டு தடவை படித்துச் சொன்னாள். அவள் படிப்பதற்கு முன்னாலேயே நான் தாளைக் கையில் வாங்கி அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். அது வேறு கை.