அக்காவோடு வைக்கம் போய் வந்தது

அக்கா காலமாகி இன்றோடு முப்பது நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதனால் வார்த்தைகள் வறட்சியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா போடிக்குப் பக்கம் சிலமலையில் எங்கள் வீட்டின் முதல் பிள்ளையாகப் பிறந்தார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அம்மா இறந்தார். அன்றிலிருந்து எனக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அக்காதான். தோட்ட வேலைக்கும் அடுப்பு வேலைக்கும் நடுவில் படித்து ஆசிரியை ஆனார். தாமதமாகத் திருமணம் நடந்தது. மாமா இரண்டே வருடத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அக்கா மறுபடி எங்கள் வீட்டுக்கே வந்து, ராசிங்காபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஓய்வு பெறும்வரை சமூக அறிவியல் பாடம் நடத்தினார்.

ஓய்வு பெற்ற மறு வருடமே சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் இரண்டு முறை தேனிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். நான் போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன். அந்த நாட்களில் மட்டும் மலை ஏற மாட்டேன்.

போன தை மாதம் அக்கா ஒரு நோட்டுத் தாளை நீட்டினார். மூன்று ஊர்ப் பெயர்கள் இருந்தன. மதுரை, வைக்கம், கீழவெண்மணி. மதுரையில் கோயிலுக்குள் விடப்படாதவர்கள் உள்ளே நுழைந்தது, வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக்கூட உரிமை கேட்டுப் போராடியது, கீழவெண்மணியில் கூலி கேட்ட குடும்பங்களைக் குடிசையோடு எரித்தது.

"இருவத்தெட்டு வருசம் பாடம் நடத்திருக்கேன்டா. ஒரு ஊரையும் கண்ணால பாக்கல. வண்டியில கொண்டுபோய்க் காட்டு" என்றார்.

இந்த உடம்போடு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"முத்துப்பேச்சியும் வர்றா. கேட்டுட்டேன்" என்றார்.

முத்துப்பேச்சி எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்தவர். அக்காவோடு ஒரே வகுப்பில் படித்து, கிராமச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் தினமும் வருவார். கொல்லைப்பக்கமாக வந்து கொல்லைப்பக்கமாகவே போவார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

மதுரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அன்றே திரும்பினோம். அடுத்த வாரம், டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை வைக்கத்துக்குக் கிளம்பினோம். போடிமெட்டு வளைவுகளில் அக்கா இரண்டு முறை வாந்தி எடுத்தார். முத்துப்பேச்சி முதுகைத் தடவிவிட்டபடி வந்தார். பூப்பாறை தாண்டியதும் தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சொல்லி நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அக்கா பின்னாலிருந்து, "என் வயசுதான்டா அவளுக்கும். பேரச் சொல்லிக் கூப்புடுற?" என்றார்.

அதன்பிறகு வழி முழுக்க அவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடாமலே ஓட்டினேன்.

மூணாறு தாண்டி ஒரு கடையில் நிறுத்தியபோதுதான் அக்கா அந்தப் பழைய கதையைச் சொன்னார். எங்கள் காட்டில் கடலை பறிக்கும் ஆய்ப்பு நடந்த ஒரு நாள், அப்பா பத்து வயது அக்காவிடம் காப்பித் தூக்கைக் கொடுத்து ஆட்களுக்கு ஊற்றச் சொல்லியிருக்கிறார். முத்துப்பேச்சியின் அம்மா தேங்காய்ச் சிரட்டையைக் கையில் ஏந்தி நின்றாராம். பக்கத்தில் முத்துப்பேச்சியும் ஒரு சிரட்டையோடு நின்றாராம். அக்கா கை படாமல் உயரத் தூக்கி ஊற்றியிருக்கிறார்.

"மறுநா பள்ளிக்கூடத்துல இவ என் பக்கத்துல உக்காரல" என்றார் அக்கா.

முத்துப்பேச்சி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இதுக்குத்தான் என்னைய வைக்கத்துக்குக் கூட்டிட்டுப் போறியாக்கும்? நடக்க விடாத தெருவப் பாக்க மல தாண்டி வரணுமா? நம்மூர்ல எந்தெந்தத் தெருவுல எங்காத்தா செருப்பக் கழட்டிக் கையில எடுத்தான்னு நாஞ் சொல்றேன். தம்பிய ஜீப்ப அங்கன விடச் சொல்லு."

"பெறகு ஏன்டி வந்த?"

"ஒனக்கு ஊசி போட ஆளு வேணும்ல. அதுக்குத்தான் வந்தேன்."

சாயங்காலம் வைக்கத்தில் அறை எடுத்துத் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் அக்கா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க ஆரம்பித்தார். சாதாரணத் தெருக்கள்தான். பால்காரர் போனார். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா வடக்கு, மேற்கு, தெற்கு என்று மெதுவாக நடந்தார். கிழக்குப் பக்கம் திரும்பும் முனையில் மூச்சு வாங்க ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போராட்டம் முடிஞ்சப்ப மூணு பக்கத்த மட்டுந்தான் தெறந்துவிட்டாக. இந்தக் கெழக்குத் தெருவுக்கு இன்னும் பல வருசம் ஆச்சு" என்றார். பிறகு முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முத்து, நான் ஊத்துனதுக்கு என்னைய மன்னிச்சுரு" என்றார்.

முத்துப்பேச்சி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிப்பெல்லாம் எங்கிட்டக் கேக்காத. பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? இப்ப அறுவது ஆச்சு. தெனமும் கொல்லப்பக்கமா வந்து ஒனக்கு ஊசி போடுறேன். அது ஒனக்குத் தெரியுதுல்ல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"எந்திரி. மிச்சத்தையும் நடந்துட்டு வெரசாக் கெளம்புவோம். மருந்துக்கு நேரமாச்சு" என்றார் முத்துப்பேச்சி. இருவரும் கையைக் கோத்தபடி கிழக்குத் தெருவை நடந்து முடித்தார்கள். நான் பின்னால் போனேன். அவர் கேட்டது என்னையும் சேர்த்துத்தான் என்று தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சிலமலை வந்து சேர்ந்தோம். முத்துப்பேச்சி பையை எடுத்துக்கொண்டு காலனிப் பக்கம் திரும்பினார். அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி, "முத்து, இப்பிடி வா" என்று வாசல் வழியாகவே உள்ளே கூட்டிப் போனார். கூடத்தில் சித்தப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார்.

"என்னத்தா இது, புதுப் பழக்கமா இருக்கு?"

"பழக்கந்தான் புதுசு சித்தப்பா. ஆளு பழசு" என்றார் அக்கா.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். முத்துப்பேச்சி அடுப்படிவரை வந்து, எங்கள் சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு, "சரி, வர்றேன்" என்று கிளம்பினார். மறுநாளிலிருந்து வாசல் வழியாகவே வந்தார். எங்கள் தெருவில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

கீழவெண்மணிக்குப் போக முடியவில்லை. அக்காவுக்கு அவ்வளவு தூரம் உட்கார்ந்து வரத் தெம்பு இல்லை. கடைசி இரண்டு மாதம் படுக்கைதான். ஒரு காலைப்பொழுதில், நான் கஞ்சி ஆற்றிக் கொண்டுவருவதற்குள், மூச்சு நின்றுவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

குளிப்பாட்டும் நேரம் வந்தபோது முத்துப்பேச்சி கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றார். எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்தான் போய், "யக்கா, நீங்க வாங்க" என்றேன். நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் வந்தார். நேரே அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அப்போதே சிலர் எழுந்து போனார்கள். பதினாறாம் நாள் விருந்துக்கும் வரவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. மிஞ்சிய சோற்றை என்ன செய்வது என்றுதான் யோசித்தேன்.

தேனியில் அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அக்கா போன அன்றைக்கு மலைக்கு வண்டி எடுக்காமல் வந்து நின்ற ஜீப் ஓட்டுநர்களுக்கும், தூரத்து ஊர்களிலிருந்து வந்து அழுத அக்காவின் மாணவர்களுக்கும், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எழுந்து போனவர்களுக்கும் இந்த மலரை அனுப்புகிறேன். அவர்களும் அக்காவுக்கு உறவுதான்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் குடும்பத்தாரின் பெயர்கள் இருக்கின்றன. அச்சுக்குக் கொடுக்கும் முன்பு முத்துப்பேச்சி அக்காவிடம் போய், அவர் பெயரையும் போடலாமா என்று கேட்டேன்.

"போடு தம்பி. முழுப்பேராப் போடு. செவிலியர்னு போடாத, அது நாஞ் செஞ்ச சோலி" என்றார்.

உடன்பிறந்தோர் என்ற இடத்தில் என் பெயருக்கு மேலே போட்டேன். வயதில் மூத்தவர். அச்சகத்தில் மாதிரித் தாளைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா, பல மாதங்களுக்குப் பிறகு, போனில் கூப்பிட்டார். அச்சில் ஏதோ தப்பு வந்திருக்கிறது, எடுத்துவிடு என்றார்.

தப்பில்லை சித்தப்பா என்று சொன்னேன். எடுக்கவில்லை.

இப்படிக்கு,
தம்பி