மரச்சட்டத்துக்குள் ஒரு சட்டம்

ஒரே ஒரு சொல்லால் ஓர் அரசாங்கத்தையே ஆட்டிவைத்தவள் எங்கள் சீட்டம்மா. சரி, அரசாங்கம் என்பது கொஞ்சம் ஊதிச் சொன்னது. ஓர் ஆஸ்பத்திரி ஜன்னலை.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து இருபது வருடமாக நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு, மறுபக்கம் நூல். கோபம் வந்தால் ரப்பர் முத்திரை மேசையில் இடியாய் இறங்கும்.

அன்று காலை முத்திரைச் சத்தமே இல்லை. புதுச் சுற்றறிக்கை வந்திருந்தது: குடியுரிமை எண் இல்லாதவர்களுக்குச் சீட்டு கிடையாது. வரிசையில் முதலில் நின்றவளோ அகதி முகாமிலிருந்து வரும் தையற்காரி. மகளுக்கு வலிப்பு நோய். மாத்திரை ஒரு நாள் தவறினாலும் பிள்ளை சுருண்டு விழுந்துவிடும்.

"எத்தனை மிச்சம் இருக்கு?"

"நாளைக்குக் காலைல ஒண்ணு. அவ்ளோதான்க்கா."

சீட்டம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். எழுதினால் வேலைக்கே ஆபத்து. அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்தாள். அங்கே மரச்சட்டம் போட்டு ஒரு காகிதம் தொங்கியது. எப்போதோ யாரோ மேற்பார்வைக்கு வந்தபோது மாட்டியது. பல நாடுகள் கூடிச் செய்து, இந்த நாடும் கையெழுத்திட்ட மனித உரிமை உடன்படிக்கை. அதன்மேல் வேலைநேரப் பட்டியலை ஒட்டியவளே அவள்தான். எழுந்து போய் அந்தப் பட்டியலைப் பிய்த்தாள். உடல்நலம் பேணும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றிருந்தது. குடிமக்களுக்கு என்று போடவில்லை.

குடியுரிமை எண் கேட்ட கட்டத்தில் 'ஒவ்வொருவர்' என்று எழுதி, முத்திரையைக் குத்தினாள்.

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் ஓடிவந்தார். "என்ன சீட்டம்மா இது? நம்பர் கேட்டா பேர் எழுதி வச்சிருக்கீங்க?"

"நாம கையெழுத்துப் போட்ட பேருதான் சார்."

"இதுக்குச் சட்டத்துல இடமே இல்லம்மா."

"உங்க தலைக்கு மேலயே தொங்குது சார். இப்பத்தான் தூசி தட்டினேன்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அண்ணாந்து இரண்டு முறை படித்தார்.

"மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் மாத்திரை குடுங்க. ஆனா உங்களுக்கு மெமோ வரும். அப்ப என்னால காப்பாத்த முடியாது."

மெமோ வந்துவிட்டது. பதில்தான் வரவில்லை. ஆனாலும் பிள்ளைக்கு ஒரு மாத மாத்திரை கிடைத்ததே என்று நான் இந்தக் கதையை எழுதி முடித்துப் படித்துக் காட்டினால், எனக்கு ரவிக்கை அளவெடுக்க வந்திருந்த அதே தையற்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொல்கிறாள்:

"ஒரு மாசம் இல்லம்மா, பதினஞ்சு நாளு. அதுல பதினொண்ணு முடிஞ்சு போச்சு."