காணாமல் போன இரண்டாவது டிஸ்க்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டர் பட்டியலோடு சரி. தெருவுக்கு அவர் புஸ்ஸு. எந்தப் பெட்டி வந்தாலும் மூடியைக் கழற்றி, வாயைக் குவித்து, முதலில் ‘புஸ்’ஸென்று ஓர் ஊது ஊதுவார். தூசு பறக்கும், அவர் இருமுவார், வந்தவர் நம்பிக்கையோடு ஸ்டூலில் உட்காருவார். பாதிப் பெட்டிகள் அந்த ஊதலிலேயே குணமாகிவிடுகின்றன என்று அவரே சொல்லிக்கொள்வார். மீதிப் பாதி என்ன ஆகின்றன என்று தெரிய வேண்டுமானால் அவர் மனைவியைக் கேட்க வேண்டும். அவளும் கேட்டால் மறைக்கிற ஆள் இல்லை.

இரண்டு வருடமாக அவருக்கு ஒரு கிறுக்கு. லேப்டாப்புக்கென்று வருகிற சின்ன எஸ்எஸ்டி டிஸ்க்கைப் பெரிய மேசைக் கம்ப்யூட்டருக்குள் வைப்பது. சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும்; அவர் அதைப் பட்டை என்றே சொல்வார். மதர்போர்டில் அதற்கென்றே ஒரு சின்ன வாய் உண்டு. சாய்வாகச் செருகி, படுக்கவைத்து, கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்க்ரூவைப் போட்டால் தீர்ந்தது. வயரும் கிடையாது, சத்தமும் கிடையாது.

“இவ்ளோ பெரிய பெட்டிக்கு இத்துனூண்டா?” என்று யாராவது இழுத்தால், “உங்க உடம்புக்கு மூளை எத்தனாம் பெருசுன்னு நெனச்சீங்க?” என்பார். கேட்டவர் இது புகழ்ச்சியா வேறு எதுவுமா என்று யோசித்து முடிப்பதற்குள் மூடி கழன்றிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது அவர் மனைவியின் அக்காவுடைய பெட்டி. கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்வதுதான் அக்காவுக்கு வேலை. சின்ன அறை, சுவரெல்லாம் கம்பளி தொங்கும், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். சிக்கல் என்னவென்றால் உள்ளே இருந்த இரண்டு டிஸ்க்கில் முதலாவது கிழடாகி ‘கிர்ர்’ என்று அரைக்க ஆரம்பித்திருந்தது. எந்த அரசனைப் பற்றி வாசித்தாலும் பின்னால் யாரோ மாவு அரைக்கிற மாதிரி பதிவாகிறது.

“அதைக் கழட்டிட்டு உன் பட்டையை வை, தம்பி. ஆனா ரெண்டாவது டிஸ்க்குல கை வைக்காத. எட்டு மாசமா வாசிச்ச சரித்திரப் புத்தகங்க எல்லாம் அதுலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்குக் குடுக்கணும்.”

“நான் ஏன்க்கா அதுல கை வைக்கப் போறேன்?”

சத்தியமாக வைக்கவில்லை. முதல் டிஸ்க்கைக் கழற்றினார், பட்டையைச் செருகினார், ஊதினார், விண்டோஸ் போட்டார். பதினோரு நொடியில் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டே டிஸ்க்குகளைத் திறந்து பார்த்தார். பட்டை இருந்தது. இரண்டாவது டிஸ்க் இல்லை.

கேபிளை அழுத்தினார். அந்தக் கேபிளையே உருவிவிட்டு அதே துளையில் புதுக் கேபிள் போட்டார். டிஸ்க்கில் காதை வைத்தார். உள்ளே சுற்றுகிறது, ஆனால் திரையில் பேர் இல்லை. சுற்றுகிற டிஸ்க் கண்ணுக்குப் படவில்லை என்றால் அவர் அகராதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே தகட்டைப் படிக்கிற முள் போய்விட்டது.

இந்த இடத்தில் வேறு ஆளாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருப்பான். புஸ்ஸு பார்க்கவில்லை. முன்னொரு தடவை ஒரு பல் டாக்டரின் டிஸ்க்கை இப்படித்தான் மாட்டி மாட்டிப் பார்த்து, முள் உள்ளே கீறிக் கீறி, பாதி ஊரின் எக்ஸ்ரே படம் பொடியாகிப் போனது. சந்தேகம் வந்த டிஸ்க்குக்குக் கரண்ட் காட்டாதே என்று அன்றைக்கு அவரே போட்டுக்கொண்ட சட்டம். ஆகவே அதைக் கழற்றி, துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் அலமாரியில் வைத்தார். பிறகு அலமாரிப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன்.

“ஆச்சா, தம்பி?”

“ஆச்சுக்கா. சின்ன வேலை ஒண்ணு பாக்கி.”

வீட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவரை மனைவி ஒரு பார்வை பார்த்தாள். “யாரோட பெட்டியைக் கெடுத்தீங்க?” என்றாள். அவர் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். வாசலில் ஆட்டோ நிற்பதைப் பார்த்ததுமே அவர் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மூடி மறைக்கத் தெம்பில்லை.

“அக்கா, அந்த ரெண்டாவது டிஸ்க்கு... தெரிய மாட்டேங்குது.”

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தார், கத்தவில்லை. அதுதான் அவரை இன்னும் உலுக்கியது.

“நேத்து காலைல என் வீட்டுல தெரிஞ்சுது. அதுக்கப்புறம் புதுசா என்ன வச்ச?”

“பட்டை மட்டும்தான்.”

“அப்ப அதை எடு.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. அது ஒரு மூலை, இது ஒரு மூலை.”

“புது மருமக வந்த அன்னைக்கே மாமியாருக்கு வாயடைச்சுப் போனா டாக்டரையா கூப்புடுவ? எடுடா!”

அக்கா அவரை ‘டா’ போட்டுக் கூப்பிட்டு எத்தனை வருடமோ ஆயிற்று. எடுத்தார். பட்டை இல்லாமல் கம்ப்யூட்டர் எழ வேண்டுமானால் பழைய கிழட்டு டிஸ்க்கைத் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டினார். துண்டைப் பிரித்து இரண்டாவதையும் பழைய இடத்திலேயே மாட்டினார். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, “இன்னும் கெட்டுப் போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது” என்றார்.

“உன்னைக் கேக்காம உன் பொண்டாட்டியையா கேக்குறது? அமுக்கு.”

கிழட்டு டிஸ்க் எழுந்திருக்க எப்போதும் பதினான்கு நிமிடம் ஆகும். திரையில் புள்ளிகள் சுற்றின. அவர் கண்ணை மூடினார், திறந்தார், சுற்றின. இரண்டாவது டிஸ்க்கிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். கீறுகிறதா? கை தானாக வயருக்குப் போனது. அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், ஊசி போடப் போகிற குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல. அவள் உள்ளங்கையும் சில்லென்றுதான் இருந்தது.

திரை வந்தது. இரண்டாவது டிஸ்க் அதில் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பாடமும் வரிசையாக.

புஸ்ஸு தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மூன்று பாடங்களைத் திறந்து, தன் குரலையே காதில் கேட்டுப் பார்த்துவிட்டு, “இந்தப் போர்டுக்குப் புஸ்தகம் எங்க?” என்றாள். அவர் போனில் தேடிக் கொடுத்தார். வாசிப்பதே பிழைப்பாயிற்றே, ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டே போனாள். முப்பத்தோராம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது: இந்த மாதிரிப் பட்டையை அந்த வாயில் செருகினால், ஐந்தாம் நம்பர் கேபிள் துளை வேலை செய்யாது. இரண்டாவது டிஸ்க்கின் கேபிள் ஐந்தில் இருந்தது.

“கேபிளை ரெண்டுல மாட்டினா முடிஞ்சுதா?” என்றாள்.

“முடிஞ்சுதுக்கா.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும் டிஸ்க் காணோம்னு?”

“நேத்து... மத்தியானம்.”

“சாயங்காலம் போன்ல சின்ன வேலைன்ன. அது நிஜமாவே போயிருந்தா நேத்தே உக்காந்து மறுபடி வாசிக்க ஆரம்பிச்சிருப்பேன். முக்கியமான பத்துப் பாடமாவது பிள்ளைங்க கைக்குப் போயிருக்கும். பயம் உனக்கு, நாள் போனது எனக்கா?”

புஸ்ஸு டிராயரைத் துழாவி ஒரு காலி டிஸ்க்கை எடுத்தார். எல்லாப் பாடத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து முடிக்கும்வரை அக்கா நகரவில்லை. அதற்குப் பிறகுதான் பட்டையைத் தொடவிட்டாள்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தவருக்கு நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றியது. பாதி டம்ளரில் நின்றுவிட்டார். இதே போர்டு, இதே பட்டை, போன மாதம் பிரிண்டிங் கடைக்காரருக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். ‘பழைய டிஸ்க்கைக் காணோமே’ என்று அந்த ஆள் போன் செய்தபோது நேரில் போய்ப் பார்க்கக்கூட இல்லை. ‘அதுக்கு வயசாயிடுச்சுங்க, தூக்கிப் போடுங்க’ என்று சொல்லிவிட்டார்.

டம்ளரை வைத்துவிட்டு அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டார். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“அந்தப் பழைய டிஸ்க்கு,” என்றார் புஸ்ஸு, “தூக்கிப் போட்டாச்சுங்களா?”

“எது? அந்தச் செத்ததா? இருங்க, வீட்டுல கேக்குறேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் தள்ளிப் போவதையும், ஒரு கதவு திறப்பதையும் அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.