ஐஸ் அறைக்கு ஒரே முகம்

ஆள் கணக்குப் பார்க்கிற வேலையில் பாதி, ஒருவர் ஏன் வரவில்லை என்று கேட்பது; மீதி, அவர் சொன்ன காரணத்தை நம்பியது போல முகத்தை வைத்துக்கொள்வது. ஹெச்.ஆர். பிரிவில் குப்பை கொட்டுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் கொட்டுவது மண்டபம் பக்கத்தில், இறாலும் மீனும் பதப்படுத்தி அனுப்புகிற ஒரு கம்பெனியில்.

வேறு வேலை

எங்களுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்பது அதன் பெருமை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இங்கே பார்ப்பது போக வேறு வேலை உண்டா என்று கேட்டுப் பதியச் சொன்னார் மேனேஜர். முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள், மிளகாய் பழுத்தால் காட்டுக்குப் போய்விடுவோம் என்றார்கள். வாலிநோக்கத்துக்காரர்கள் உப்பளத்தைச் சொன்னார்கள். யாரும் மறைக்கவில்லை. இந்தப் பக்கம் ஒற்றை வேலையை நம்பி அடுப்புப் பற்றவைப்பவர் குறைவு.

ஐஸ் அறையில் இருக்கும் சேசு விசைப்படகில் கடலுக்கும் போகிறவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுதானே சார் வேற வேலை."

நடுரோட்டு நாற்காலி

முதலில் மாட்டியவர் வாட்ச்மேன் வேலுச்சாமி. நயினார்கோவில்காரர். எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே இன்னொரு கம்பெனி கேட். இரண்டுக்கும் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரும் அதே சாஃப்ட்வேரை வாங்கியிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு கேட்டிலும் வேலுச்சாமி காவல் இருப்பதாக அது எச்சரித்தது. போய்ப் பார்த்தேன். ரோட்டுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரி வந்தால் நாற்காலியோடு எழுந்து ஓரம் போய், பிறகு அதே இடத்துக்கு வந்தார்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், இனி ஒரு வேலைக்கு ஒரு முகம், மிஷினில் முகம் காட்டினால்தான் வருகை என்று உத்தரவு போட்டார். எதிர் கேட்டுக்கு வேறு ஆள் வந்தார். வேலுச்சாமி நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு கேட்டுக்கும் ஒரே திருடன்தானய்யா வரப்போறான், அவனுக்கு எதுக்கு ரெண்டு ஆளு?"

நேற்று வந்தவர்

அந்த உத்தரவு ஐஸ் அறையில் போய் இடித்தது. எங்கள் கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலுக்குப் போவதில்லை. பெரிய வலை சின்ன வலையை அறுத்துவிடும் என்று பேசிவைத்த ஏற்பாடு அது. சேசு விசைப்படகு, அவர் மனைவியின் தம்பி அந்தோணி நாட்டுப்படகு. சேசு கடலில் இருக்கும் நாள் அந்தோணி ஐஸ் அறைக்கு வருவார், அந்தோணி போகும் நாள் சேசு. வருகைப் பதிவில் எப்போதும் சேசுதான். ஐஸ் உடைய வேண்டும், உடைந்தது. யார் உடைத்தார் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

மிஷினில் சேசுவின் முகம் ஏறிய மறுநாள் அந்தோணி வந்து நின்றார். தெரியாத நபர் என்றது மிஷின். குல்லாவைக் கழற்றிவிட்டு நின்றார். அப்போதும் தெரியாத நபர்தான். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரிக்க, அவர் மிஷினிடமே சொன்னார்: "நல்லாப் பாருலே, நேத்து வந்தது எங்க மச்சான்லே."

எந்தக் கிழமை

சாஃப்ட்வேர் பயிற்சி கொடுக்க வந்த சென்னைத் தம்பியிடம் கேட்டேன்: ஒரு ஆளுக்கு இரண்டு வேலை இருந்தால் காட்டுகிறதே, ஒரு வேலைக்கு இரண்டு ஆள் போட முடியாதா? நல்ல மனிதர், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடினார். வழி இருந்தது. ஆனால் எந்தக் கிழமை யார் என்று மாத ஆரம்பத்திலேயே நிரப்ப வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

சேசுவைக் கூப்பிட்டுக் கேட்டோம். காற்று பலமானால் விசைப்படகுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, அன்றைய முறை தள்ளிப்போகும். அது தள்ளினால் நாட்டுப்படகு முறையும் தள்ளும். பயிற்சியாளர் விரலை கீபோர்டில் வைத்தபடி, உத்தேசமாகவாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். சேசுவுக்கே பாவமாகிவிட்டது. "தம்பி, நீங்க முதல்ல போயிச் சாப்பிடுங்க."

ஒரு பெயர்

ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார் மேனேஜர். வைத்துக்கொள்கிறவருக்கு வேலை நிரந்தரம். தினமும் வர வேண்டும், கடலை விட வேண்டும். மற்றவருக்கு இங்கே இடமில்லை. சண்டை வரும் என்று பயந்தேன். சேசு வந்து, மாப்ள பேரை எழுதுங்க என்றார். அந்தோணி வந்து, மச்சான் பேரை எழுதுங்க என்றார். என்ன பாசம் என்று உருகிப்போனேன். வேலை கிடைக்கிறவர் படகை இழப்பார் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் இறால் உரிக்கும் கூடத்தில்தான் ஜெசிந்தா வேலை பார்க்கிறார். சேசுவின் மனைவி, அந்தோணியின் அக்கா. கையைக் கழுவாமலே என் மேஜைக்கு வந்தார். விசைப்படகு எல்லைக்குப் பக்கம் போகிற படகு. அந்தப் பக்கத்து நேவி பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. "இவர எழுதுங்க சார். தம்பி நாட்டுப்படகுதான, கரைய ஒட்டியே போயிட்டு வந்துருவான்."

எழுதினேன்.

காலியான இடம்

சேசு தினமும் வருகிறார். மிஷின் அவரை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. விசைப்படகில் அவர் இடம் காலியானது. கடலுக்குப் போகும் ஓட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று படகு ஓனர் தேடினார். ஐஸ் அறை போன பிறகு நாட்டுப்படகை மட்டும் வைத்து அந்தோணிக்குக் கட்டுபடியாகவில்லை. நாட்டுப்படகை விடாமலே, அது போகாத நாளில் விசைப்படகில் மச்சான் இடத்தில் ஏறிவிட்டார். இப்போது அவருக்குக் கரையில் நிற்க நாளே இல்லை.

போன வாரம், நான்கைந்து படகுகளைப் பிடித்துவிட்டார்கள் என்று காலையிலேயே பேச்சு. எந்தெந்தப் படகு என்று தெரியவில்லை. சேசு ஓனர் வீட்டுக்கு ஓடியிருந்தார். ஜெசிந்தா என் மேஜை முன்னால் வந்து நின்றார். அந்தோணி பிடிபடவில்லை, மாலையில் கரை சேர்ந்துவிட்டார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது ஜெசிந்தா என் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "யாரு எங்கன இருக்கான்னு இது காட்டும்னாகளே சார், எந்தம்பி எங்கன இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

எங்கள் ஐஸ் அறையில் இப்போது இரண்டு வேலை பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை, இரண்டு படகில் போகிறவர் ஒருவர் மட்டும் வெளியே இருக்கிறார்.