கை தூக்காமல் ஜெயித்த கோப்பைகள்

ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஊக்குகள். ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது எங்கள் கேப்டன் அதைத் திறப்பாள். எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருத்தியின் துப்பட்டாவையும் மார்பின் குறுக்கே இறுக்கி இழுத்து, தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என்று குத்துவாள். அடுத்தவளுக்கான ஊக்குகள் அவள் வாயில் இருக்கும். அதனால் ஆட்டத்துக்கு முன் அவள் சொல்லும் யோசனைகள் எல்லாம் பல்லிடுக்கு வழியாகத்தான் வரும். காரைக்குடியில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளியின் கூடைப்பந்து அணி அப்படித்தான் களத்தில் இறங்கியது. நாங்கள் ஆடிய நான்கு வருடங்களும் மாவட்டக் கோப்பை எங்கள் பள்ளிக்கே வந்தது.

பந்தை நாங்கள் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, இரண்டு கைகளாலும் தள்ளி எறிவோம். தலைக்கு மேல் கையைத் தூக்கி எறிய மாட்டோம். ஊரில் அதற்குக் 'காரைக்குடிப் பிள்ளைக எறி' என்று பெயரே இருந்தது. பிற்பாடு திருப்பத்தூரில் கல்லூரி ஆசிரியையான பிறகு, என் மாணவிகளிடம் நானும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது ஒரு பாணி, ஒரு கட்டுப்பாடு என்றெல்லாம் சொன்னேன். எங்கள் காலம் போல வராது என்றும் சொன்னேன். ஏன் அப்படி எறிந்தோம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

ஓர் இறுதி ஆட்டத்தில் கேப்டனின் தோளில் இருந்த ஊக்கு திறந்துகொண்டது. பாதி ஆட்டம் முழுக்க அது தோளைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நிறுத்தினால் துப்பட்டா நழுவிவிடும், சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் ஊளையிடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஆடினாள். கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தோம். "ஒண்ணுமில்லடி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றாள். அன்று எடுத்த புகைப்படத்தில் அவள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பாள்.

போன வருடம் பள்ளியில் பழைய அணிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். ஏழு பேர் வந்திருந்தோம். கேப்டன் இப்போது தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். முழங்கால் வலி, கண்ணாடி, நரைத்த தலை. ஆனால் என் கைபேசியில் இன்னும் அவள் பெயர் 'கேப்டன்'தான். எங்களுக்கு எதிரே தரையில் இன்றைய அணிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின வாரம்தான் மாவட்ட ஆட்டத்தில் தோற்றிருந்தார்கள்.

பள்ளிக் குழுவில் செல்வாக்குள்ள ஒரு பெரியவர் எங்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார். "அன்னைக்கு இவுக துப்பட்டாவை ஒழுங்காப் போட்டுக்கிட்டு, கையக்கூடத் தூக்காம ஆடி ஜெயிச்சாக. அது அடக்கம். இன்னைக்கு அரைக்கால் டவுசரப் போட்டுக்கிட்டுக் குதிக்கிதுக, தோத்துட்டு வருதுக. அடுத்த மாசத்துலருந்து முழுக்கால்சட்டை, மேல ஒரு கோட்டு. அப்பத்தான் கோப்பை வரும்." கூட்டம் கைதட்டியது. தரையில் இருந்த பிள்ளைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார்கள். என் பெருமையும் அந்தக் கைதட்டலுக்குள் எங்கோ இருந்தது. எனக்கு முகம் சுட்டது.

"ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று கேப்டனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார். அவள் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டாள். என்னை எழுப்பி நிறுத்தினாள். எனக்குப் போர்த்திய பொன்னாடையை மார்பின் குறுக்கே இறுக்கி இழுத்தாள். தன் புடவையிலிருந்தும் என் புடவையிலிருந்தும் ஊக்குகளைக் கழற்றி, பழையபடியே குத்தினாள். தரையில் இருந்த பிள்ளைகளிடம் பந்தைக் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"இப்பக் கையத் தூக்கிப் போடுடி."

தூக்கினேன். கை காதுக்கு மேல் போகவில்லை. பந்து நழுவி மேடையில் விழுந்து உருண்டது. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீக. நாங்க நாலு வருசம் இப்பிடித்தான் ஆடுனோம். அடக்கத்துனால கையத் தூக்காம இல்ல. தூக்க முடியல. பயந்துக்கிட்டு ஆடுனோம். ஐயா, எங்களப் பாராட்டுங்க, சந்தோசம். ஆனா எங்களக் கம்பாக்கி இந்தப் பிள்ளைகள அடிக்காதீக."

பெரியவருக்கு முகம் கறுத்தது. "மரியாத குடுத்துக் கூப்புட்டா இப்பிடியாம்மா பேசுறது?"

"அந்த மரியாதயத் திருப்பிக் குடுத்துருறேங்க" என்று தன் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தாள். நானும் ஊக்குகளைக் கழற்றி என்னுடையதை அதன் மேல் வைத்தேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. எங்களில் மூன்று பேர் வைக்கவில்லை. அவர்களோடு இன்றுவரை பேச்சு இல்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. மறு வாரமே இரண்டு தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை அணியிலிருந்து நிறுத்தினார்கள். கேப்டன் விடுப்புப் போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போனாள். கோவிலூர்ப் பக்கம் இருந்த வீட்டில், "நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்று கேட்டார் அந்தத் தகப்பனார். "அந்த நாலு பேரு எங்களயும்தான் சொன்னாக. ஒங்க மக எம்புட்டு ஒசரம் எம்புறான்னு ஒரு தடவ வந்து பாருங்க, அப்பறம் நிறுத்துங்க" என்றாள் இவள். அவர் வந்து பார்த்தார். மகள் திரும்பி வந்தாள். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை. அந்தப் பிள்ளை வரவே இல்லை. முழுக்கால்சட்டை உத்தரவு பள்ளியில் வரவும் இல்லை, ரத்து என்று யாரும் சொல்லவும் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் மாவட்ட இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சிவகங்கைக்குப் பேருந்தில் போனோம். நான் ஒப்புக்கொள்கிறேன்: எங்கள் அணி இந்தப் பிள்ளைகளோடு ஆடினால் பத்து நிமிடம் தாங்காது. ஓடிக்கொண்டே எம்பி, ஒற்றைக் கையால், அந்தரத்தில் நின்றபடி எறிகிறார்கள். நாங்கள் கனவிலும் செய்யாதது. எதிரணியும் அதே உயரம், அதே வேகம். கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள்.

கேப்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி அவர்களிடம் போனாள். அவர்களுடைய கேப்டன் அழுத முகத்தோடு நிமிர்ந்து கேட்டாள்: "அத்த, எங்களால ஒரு தடவகூட முடியல. நீங்க மட்டும் எப்பிடி வருசா வருசம் ஜெயிச்சீக?"

"எதுத்தாப்புல நின்னவளுக கையும்ல கட்டிக் கெடந்துச்சு ஆத்தா" என்றாள் கேப்டன். "அதான் ஜெயிச்சோம். நீங்க தோத்தது கட்டுத் தெறிச்சவளுககிட்ட. கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரி."