கருஞ்சிறகியின் இடது இறக்கை

தேவசகாயம் முறத்தில் நொய்யைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆம்பூர் மாதாகோவில் தெருவில் ஆம்பிளை முறம் பிடித்தால் நாலு வீட்டுக்குச் செய்தி போய்விடும். அந்தப் பதினைந்து நாளும் அவர் அதைச் சட்டை செய்யவில்லை. அடுப்படி போக வீடு முழுக்க ஒரு தோல் இறக்கை விரிந்து கிடந்தது. அதன் நடுவில் அவர் மனைவி சவுரியம்மாள் குத்தூசியோடு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்து வந்து ரெண்டு வாய் துன்னுட்டுத்தான் தையேன்" என்றார்.

"இன்னாத்துக்கு அவசரம்? நீ இன்னும் கல்லே பொறுக்கி முடிக்கல" என்றாள் அவள்.

அது 1936. சவுரியம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்தவள். பதினாறு வயதில் தோல் பதனிடும் ஷாப்பில் கூலிக்குச் சேர்ந்தாள். இருபதில் ஒரு மேஸ்திரி முந்தானையைத் தொட்டதற்கு தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தண்ணீரை வாளியோடு அவன் தலையில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள். அப்புறம் வீட்டிலேயே ஜட்கா குதிரைகளுக்கு வாரும் சேணமும் தைத்தாள். வேலூரில் ஓடிய வண்டிகளில் பல அவள் தையலில்தான் ஓடின. கோபக்காரி என்று தெருவில் பேர். கோபப்படும்படி யார் என்ன செய்தார்கள் என்று தெரு கேட்டதில்லை.

மாதப் பத்திரிகையில் தொடராக வந்த ஒரு மாயக்கதையைப் பேசும் படமாக எடுக்க மதராஸ் கம்பெனி ஒன்று கிளம்பியிருந்தது. கதையில் கருஞ்சிறகி என்று ஒரு ராட்சதப் பறவை. கம்பெனி மானேஜர் பஞ்சாட்சரம் ஆட்டுத்தோல் தேடி ஆம்பூருக்கு வந்து, கோழி இறகு ஒட்ட அடித்தோல் வேண்டும் என்று வீட்டு வாசலில் தேவசகாயத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பறவைக்கு இறகே கிடையாது, வௌவாலைப் போல் தோல் இறக்கைதான் என்று உள்ளேயிருந்து சவுரியம்மாளின் குரல் வந்தது. பஞ்சாட்சரம் கதையைப் படித்திருக்கவில்லை. அவளோ மாதாமாதம் அதைத் தன்னோடு தோல் தைக்கும் பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியவள். மூன்றாம் நாள் டைரக்டர் கோதண்டபாணியே வந்துவிட்டார்.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். கதையில் அம்பு பட்டு, இடது இறக்கை கிழிந்து விழுந்து கிடக்கும் கருஞ்சிறகியை ராஜகுமாரி தன் தலைமுடியாலேயே தைத்து எழுப்புவாள். அதற்கப்புறம்தான் அது அவளைச் சுமந்து பறக்கும். தோல் தைப்பதைக் கௌரவமாக எழுதிய வேறொரு எழுத்தை அவள் படித்ததில்லை. அந்தக் காட்சி இருந்தால் தைப்பேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்றாள்.

"அதுதாம்மா படத்துக்கே உசிரு" என்றார் கோதண்டபாணி.

ராணிப்பேட்டையில் காலியாகக் கிடந்த தோல் கிடங்கில் படப்பிடிப்பு. சத்தம் நுழையாமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். முதல் நாள் பறவை இறக்கையை அசைத்ததுமே ஒலிப்பதிவுக்காரர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டார். நூறு செருப்பு ஒன்றாக நடப்பதுபோல் கிறீச்சென்று கேட்கிறதாம். நம் பக்கத்தில் புதுத்தோல் கிறீச்சிட்டால்தான் பெருமை. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஜட்காக்காரன் வாரை வாங்குவான். அப்படிக் கேட்கட்டும் என்றே அவள் தோலை முறுக்காக விட்டுத் தைத்திருந்தாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். தப்பு தன்னுடையது என்பதால் பொறுத்துக்கொண்டாள். மடிப்புக்கு மடிப்பு விளக்கெண்ணெய் தேய்த்து, மாக்கல் தூள் தூவி, மத்தியானத்துக்குள் சத்தத்தை அடக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் தைக்கும் காட்சி. ராஜகுமாரியாக நடித்த விஜயகுமாரி இறக்கையைத் தொடமாட்டாள் என்று அவள் தாய் ராஜம்மாள் சொல்லிவிட்டாள். முப்பது வருஷம் தோல் அடுக்கிய கிடங்கில் நின்றுகொண்டுதான் சொன்னாள். கோதண்டபாணி ஒரு வழி கண்டுபிடித்தார். முகம் விஜயகுமாரியுடையது, கை சவுரியம்மாளுடையது.

ஆவாரம்பட்டைக் கறை ஏறிய விரல்களுக்கு வெள்ளை மாவு பூசினார்கள். ராஜகுமாரியின் வளையல்களை மாட்டினார்கள். காட்சி படத்தில் இருந்தால் போதும் என்று அவள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு வேகம் வேண்டாம், ராஜகுமாரி மாதிரி மெதுவாகத் தை என்றார் டைரக்டர்.

"அடிபட்ட பறவைங்க. அதுக்குத் தைக்கத் தெரிஞ்ச கை வேணும். ராஜகுமாரி கையை வச்சிக்கினு அது இன்னா பண்ணும்?" என்று கேட்டுவிட்டுத் தன் வேகத்திலேயே தைத்தாள்.

முடிந்ததும் வளையல்களைத் துடைத்து நீட்டினாள். ராஜம்மாள் வாங்கவில்லை. அவற்றைக் கொண்டுபோய்க் குப்பையில் போடும்படி பஞ்சாட்சரத்திடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் கோதண்டபாணி அவளை ஒப்பனை அறைக்குக் கூப்பிட்டார். நேற்று அவள் போட்ட தையலைப் பிரித்துவிட்டிருந்தார்கள்; இடது இறக்கை பழைய கிழிசலோடு மேஜைமேல் கிடந்தது.

"இந்தக் கிழிசல் தெரியவே கூடாது. சாயங்காலத்துக்குள்ள மூடித் தைச்சுடு. நாளைக்குப் பறக்குற காட்சி."

கிழிசல் இல்லையென்றால் எதைத் தைத்து ராஜகுமாரி பறவையை எழுப்பினாள் என்று அவள் கேட்டாள். பறவை மயங்கித்தான் விழுகிறது, மந்திரம் சொல்லிப் பூவைத் தூவினால் எழுந்துவிடும், கதையை மாற்றியாயிற்று என்றார்.

"நேத்து எடுத்தது?"

"அது வராது." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஜனங்கள் அந்தக் கையைத் தன் மகள் கை என்றே நினைப்பார்கள், மகள் தோல் தொட்டாள் என்று பேச்சு வரும் என்று ராஜம்மாள் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "மாட்டுத்தோல் இல்லம்மா, ஆட்டுத்தோலுதான்னு சொல்லிப் பாத்தேன். எந்தத் தோலா இருந்தா இன்னா, எந்தச் சனம் தைக்கிற தோல்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறாங்க."

"அவங்க கால்ல கெடக்கிற செருப்பு எந்தச் சனம் தைச்சதாம்?"

கோதண்டபாணி இறக்கையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உசிருன்னு எங்க ஊட்டு வாசல்ல நின்னு சொன்னது நீங்க. நான் உங்க வாயை நம்பினேன். அந்தப் பொண்ணு தொடமாட்டேன்னுச்சு, சரின்னு என் கையைக் குடுத்தேன். மாவு பூசினீங்க, அதுவும் சரின்னேன். இப்ப என் கையாலயே அதை மூடச் சொல்றீங்க."

"உன் கோவம் நியாயம்தான். ஆனா முப்பது பேர் வேலை நிக்குது. வேற யாரு தைச்சாலும் மறுபடி சத்தம் போடும். தைச்சுக் குடுப்பியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு."

சவுரியம்மாள் மேஜைமேலிருந்த தன் குத்தூசியையும் மெழுகையும் நூல்கண்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். இறக்கையின் கிழிசலுக்குள் மாக்கல் தூள் வெள்ளையாகத் தெரிந்தது.

"உன்னைத்தாம்மா கேக்கறேன்" என்றார் கோதண்டபாணி.

அவள் கம்பளித் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.